சைப்பிரஸில் ஐக்கிய நாடுகள் படையும் கால நீடிப்பின் அரசியலும்

1964ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 186ஆம் இலக்கத் தீர்மானம், சைப்பிரஸ் தீவில் அமைதி காக்கும் படையொன்றை மூன்று மாத காலத்துக்கு நிறுத்துமாறு பரிந்துரைத்தது. அந்த மூன்று மாதம் அறுபது ஆண்டுகள் கடந்தும் முடிவுறவில்லை. முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், 1965ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், 2023ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு முறையுமாக அப்படையின் காலம் நீடிக்கப்பட்டு வந்துள்ளது. படை சென்றபோது பிறந்த குழந்தைகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள்.

இத்தகைய கால நீடிப்புகளை வெறும் சம்பிரதாயமெனக் கொண்டு அப்பாற் செல்வது வரலாற்று நூல்களின் வழக்கமாகவுள்ளது. போரும் ஒப்பந்தமும் பெறும் கவனத்தை, ஒரு பக்கத் தீர்மானமொன்றின் மறுபதிப்புப் பெறுவதில்லை. ஆயின் சைப்பிரஸ் பிரச்சினையைப் பொறுத்தவரை இந்த மறுபதிப்புகளிலேயே அதன் மையம் பொதிந்துள்ளது எனலாம். படை எவருடைய சம்மதத்துடன் நிற்கின்றது, எவருடைய செலவில் நிற்கின்றது என்னும் இரு வினாக்களுக்கு ஒவ்வொரு நீடிப்பின்போதும் விடை கூறவேண்டியிருந்தது. முதலாவது வினாவுக்கு 1964இல் அளிக்கப்பட்ட விடை, பின்னர் அத்தீவில் நிகழ்ந்த எந்தப் பேச்சுவார்த்தையையும் விட ஆழமான விளைவுகளை ஏற்படுத்திற்று.

மத்தியதரைக் கடலின் மூன்றாவது பெரிய தீவாகிய சைப்பிரஸ், துருக்கியின் தென்கரையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. கிரேக்க மொழியும் மரபுவழிக் கிறித்தவமும் அங்கு நெடுங்காலம் வேரூன்றியிருந்தன. 1570-71இல் உதுமானியப் பேரரசு தீவைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து துருக்கிய முஸ்லிம் சமூகம் அங்கு உருவாயிற்று. 1878இல் பிரித்தானியர் நிருவாகத்தைப் பொறுப்பேற்று, 1914இல் தீவை இணைத்து, 1925இல் முடிக்குரிய குடியேற்ற நாடாக்கினர். கிரேக்கப் பெரும்பான்மையினர் வேண்டிநின்றது தனிநாடன்று. தாய்நாடெனத் தாம் கருதிய கிரேக்கத்துடன் இணைவதே, அதாவது ‘ஏனோசிஸ்’, அவர்களது இலட்சியமாயிருந்தது. 1955 ஏப்பிரிலில் கேணல் கிரிவாஸின் தலைமையில் தொடங்கிய ஆயுதப் போராட்டமும் அவ்விலட்சியத்துக்காகவே நிகழ்ந்தது. அப்போராட்டத்தை ஒடுக்குதற்குப் பிரித்தானியர் துணைப் பொலிஸ் படைக்குத் துருக்கியரையே பெருமளவிற் சேர்த்தனர். ஆட்சியாளருக்கு எதிரான போர் அயலவருக்கிடையிலான பகையாக மாறுவதற்கு அதுவே போதுமானதாயிற்று. துருக்கியர் தரப்பில் ‘தக்சிம்’ என்னும் பிரிவினைக் கோரிக்கை எழுந்தது.

1959 பெப்ரவரியில் சூரிச்சிலும் இலண்டனிலும் செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் இவ்விரு கோரிக்கைகளையும் ஒருசேரத் தடைசெய்து சைப்பிரஸைச் சுதந்திர நாடாக்கின. 1960 ஓகஸ்ட் 16ஆம் திகதி அந்நாடு பிறந்தது. அதன் யாப்பு உலகில் அன்றிருந்த யாப்புகளுள் மிகச் சிக்கலானவற்றில் ஒன்று. சனாதிபதி கிரேக்கராகவும் உப சனாதிபதி துருக்கியராகவும் இருத்தல் வேண்டும். இருவருக்கும் முக்கிய விடயங்களில் மறுப்பு அதிகாரம் இருந்தது. ஐம்பது ஆசனங்கொண்ட சட்டசபையில் 35 கிரேக்கருக்கும் 15 துருக்கியருக்கும் உரியன. அரசாங்க சேவை 70க்கு 30 என்ற விகிதத்திலும் இராணுவம் 60க்கு 40 என்ற விகிதத்திலும் அமையவேண்டும். சனத்தொகையில் துருக்கியர் ஏறத்தாழ 18 வீதத்தினரே ஆதலின், இவ்விகிதாசாரம் அநீதியானதெனக் கிரேக்கர் கருதினர். தமது இருப்புக்கு இதுவே இறுதி அரண் எனத் துருக்கியர் கருதினர். வரிச் சட்டங்களுக்கு இரு சமூகப் பிரதிநிதிகளினதும் தனித்தனிப் பெரும்பான்மை தேவைப்பட்டமையால், வரவு செலவுக்கே இடையூறு ஏற்பட்டது. பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி ஆகிய மூன்றும் இவ்வேற்பாட்டின் உத்தரவாத நாடுகளாக அமைந்தன. சுதந்திர நாடொன்றின் யாப்புக்கு வெளிநாடுகள் மூன்று காவலிருந்தமை விந்தையே.

1963 நவெம்பர் 30ஆம் திகதி சனாதிபதியான பேராயர் மக்காரியோஸ் யாப்பில் பதின்மூன்று திருத்தங்களை முன்மொழிந்தார். மறுப்பு அதிகாரத்தை நீக்குவது அவற்றுள் ஒன்று. துருக்கி அதனை நிராகரித்தது. டிசெம்பர் 21ஆம் திகதி நிக்கோசியாவில் வெடித்த கலவரம் சில நாள்களுள் தீவெங்கும் பரவியது. தளங்களிலிருந்து வந்த பிரித்தானியப் படையினர் இருசாராருக்குமிடையே நின்றனர். அப்போது தளபதி பீற்றர் யங் தலைநகரின் படத்தின்மீது பச்சை நிறப் பென்சிலாற் கோடொன்று வரைந்தார். ‘பச்சைக் கோடு’ என்னும் பெயர் அன்று ஏற்பட்டது.

துருக்கிய அமைச்சர்களும் சட்டசபை உறுப்பினர்களும் உத்தியோகத்தர்களும் அரசாங்கத்திலிருந்து அகன்றனர். தாமாக விலகினர் என்பது ஒரு சாராரின் கூற்று. விரட்டப்பட்டனர் என்பது மறு சாராரின் கூற்று. ஏறக்குறைய 25,000 துருக்கியர் தம் ஊர்களை விட்டு, ஆயுதக் காவலுடன்கூடிய சிறு சிறு ஒதுக்கிடங்களுட் புகுந்தனர். இந்நிலையில் வட அத்திலாந்திக் கூட்டணி நாடுகளின் படையொன்றைத் தீவுக்கு அனுப்பப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் முயன்றன. மக்காரியோஸ் அதனை ஏற்க மறுத்து, பாதுகாப்புச் சபையின் தலையீட்டையே வேண்டிநின்றார். அணிசேரா நாடுகளின் நட்பைப் பெற்றிருந்த அவருக்கு எந்த மன்றத்தில் வழக்குரைத்தால் தமக்கு நன்மை விளையுமென்பது நன்கு தெரிந்திருந்தது.

186ஆம் தீர்மானத்தின் வாசகம் அவரது கணிப்பு சரியென்பதைக் காட்டுகின்றது. சட்டத்தையும் ஒழுங்கையும் பேணும் பொறுப்பு சைப்பிரஸ் அரசாங்கத்துக்குரியது என்று அது கூறியது. படை அவ்வரசாங்கத்தின் சம்மதத்துடன் அமைக்கப்படும் என்றும் கூறியது. தீர்மானம் நிறைவேறிய நாளில் அந்த அரசாங்கத்தில் ஒரு துருக்கியரேனும் பங்குகொள்ளவில்லை. யாப்பின்படி உப சனாதிபதியான பாசில் குச்சுக் பச்சைக் கோட்டின் மறுபுறத்தில் இருந்தார். தீர்மானம் குறிப்பது 1960இன் இரு சமூக அரசாங்கத்தையே எனத் துருக்கி விளங்கிக்கொண்டது; நிக்கோசியாவில் ஆட்சி செலுத்திய அரசாங்கத்தையே எனக் கிரேக்கர் விளங்கிக்கொண்டனர். இருசாராரும் ஏற்கத்தக்க சொல்லொன்று கிடைத்ததாலேயே தீர்மானம் நிறைவேறிற்று. ஆயின் சொல்லின் பொருளை நிர்ணயிப்பது நடைமுறை. படைக்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதும், ஒவ்வொரு நீடிப்புக்கும் சம்மதம் அளித்ததும், நியூயோர்க்கில் ஆசனம் வகித்ததும் கிரேக்கர் வசமிருந்த அரசாங்கமே. பதின்மூன்று திருத்தங்களால் பெறமுடியாதுபோனதை இந்த ஒரு சொல் பெற்றுக்கொடுத்தது என்பது மிகைக்கூற்றாகாது.

செலவு பற்றிய விடயமும் இத்துணை நுட்பமானதே. சுயெஸ், கொங்கோ ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்ட படைகளின் செலவில் பங்குகொள்ளச் சோவியத் யூனியனும் கொங்கோ விடயத்தில் பிரான்சும் மறுத்தமையால், 1964இல் ஐக்கிய நாடுகள் தாபனம் நிதி நெருக்கடியில் ஆழ்ந்திருந்தது. சைப்பிரஸ் படையை உருவாக்கும் நான்காம் பந்தி தனியாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது சோவியத் யூனியன், பிரான்ஸ், செக்கோசிலவாக்கியா ஆகியன வாக்களியாது ஒதுங்கின. ஆகவே படையனுப்பும் நாடுகளும் சைப்பிரஸ் அரசாங்கமும் செலவைத் தாங்கவேண்டும், ஏனையோர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. குறுகிய தவணைகள் ஏற்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். கையேந்திப் பெற்ற பணத்தில் நடக்கும் படைக்கு நீண்ட தவணை கொடுக்க எவரும் விரும்பார்.

மார்ச் 27ஆம் திகதி படை இயங்கத் தொடங்கிற்று. கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவற்றின் படையினர் அதில் இருந்தனர். 1964 யூனில் அதன் தொகை 6,411 ஆக உயர்ந்தது. முதற் பத்தாண்டுக் காலத்துத் தளபதிகளுள் மூவர் இந்தியர். முதலாமவர் கியானி. இரண்டாமவர், கொரியப் போர்க் கைதிகள் விவகாரத்தில் நடுநிலை ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய திம்மையா. அவர் 1965 டிசெம்பரில் பதவியிலிருக்கையிலேயே தீவில் காலமானார். அடுத்த ஆண்டு சைப்பிரஸ் அரசாங்கம் அவரது நினைவாக அஞ்சல் முத்திரை வெளியிட்டது. மூன்றாமவரான பிரேம் சந்த் 1974இன் பெரும் நெருக்கடியைச் சந்திக்க நேர்ந்தது.

அக்காலத்தில் படையினர் தீவெங்கும் பரந்திருந்தனர். விதைப்புக் காலத்தில் எல்லை நிலங்களில் உழவருக்குக் காவல் நின்றனர், அறுவடைக்கும் நின்றனர். நிக்கோசியாவிலிருந்து வடகரையிலுள்ள கைரேனியாவுக்குச் செல்லும் வீதி துருக்கியர் ஒதுக்கிடத்தினூடாகச் சென்றமையால், கிரேக்க வாகனங்கள் ஐக்கிய நாடுகள் படையின் வழித்துணையுடன் குறித்த வேளைகளில் தொடராகவே அவ்வழியே செல்ல முடிந்தது. ஒதுக்கிடங்களுட் சீமெந்தும் இரும்பும் செல்வதை அரசாங்கம் தடைசெய்தபோது, எது யுத்தப் பொருள், எது வீட்டுப் பொருள் என வாதிட்டதும் இப்படையினரே. 1964 ஓகஸ்டில் கொக்கினாவிலும் 1967 நவெம்பரில் கொபினோவிலும் பெரும் மோதல்கள் ஏற்பட்டபோது படை அவற்றைத் தடுக்க வல்லதாயிருக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அன்றி ஆயுதம் எடுக்கலாகாதென்பது அதன் விதி. ஆயினும் ஒரு கிராமத்துக் கைகலப்பு தீவின் போராக மாறாமல் நாளுக்கு நாள் தடுத்தது அதுவே. அத்தகைய வெற்றிகள் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

1968இல் கிளெரிடிசும் டெங்க்டாஷும் பேச்சுவார்த்தையைத் தொடங்கினர். ஆறு ஆண்டுகள் பேசினர். அவ்வாறாண்டுகளிலும் நீடிப்புத் தீர்மானங்கள் தவறாது நிறைவேறின. படையின் தொகை குறைக்கப்பட்டது. தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததென்று பின்னர் பலர் எழுதினர். அவசரம் எதுவுமில்லை என்ற எண்ணம் இருதரப்பிலும் இருந்தமையே உண்மை. கிரேக்கரிடம் அரசும் அதன் அங்கீகாரமும் இருந்தன. காலம் தமக்குச் சாதகமானது என அவர்கள் நம்பினர். துருக்கியர் ஒதுக்கிடங்களில் தமக்கெனத் தனி நிருவாகமொன்றைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தனர்.

அந்நம்பிக்கையைக் குலைத்தது ஏதென்ஸ் இராணுவ ஆட்சி. 1974 யூலை 15ஆம் திகதி கிரேக்க அதிகாரிகளின் தலைமையில் சைப்பிரஸ் தேசிய காவற்படை மக்காரியோஸைப் பதவியினின்று வீழ்த்தி, சம்ஸன் என்பவரைச் சனாதிபதியாக்கிற்று. உத்தரவாத உடன்படிக்கையைக் காரணங்காட்டி 20ஆம் திகதி துருக்கிப் படை கைரேனியாக் கரையில் இறங்கியது. சதிப்புரட்சி சில நாள்களிற் கவிழ்ந்தது, படையெடுப்போ நிற்கவில்லை. ஓகஸ்ட் 14ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்தின் பின் தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நிலம் துருக்கிப் படையின் வசமாயிற்று. 1,60,000க்கு மேற்பட்ட கிரேக்கர் தெற்கே ஓடினர். அதன்பின் ஓராண்டளவில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட துருக்கியர் வடக்கே சென்றனர். காணாமற்போனோராக இறுதியில் பதிவானவர்கள் 2,002 பேர். அவர்களுள் 1,510 பேர் கிரேக்கர், 492 பேர் துருக்கியர். பலரது எலும்புகள் இன்றும் தேடப்படுகின்றன.

ஐக்கிய நாடுகள் படையினர் அப்போது ஏறக்குறைய 2,300 பேரே. ஒரு நாட்டின் இராணுவத்தை எதிர்ப்பதற்கான ஆணையோ வலிமையோ அவர்களுக்கில்லை. எனினும் நிக்கோசியா விமான நிலையத்தை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்து, துருக்கிப் படை அதனைக் கைப்பற்றாதவாறு பிரேம் சந்தின் வீரர் நிலைகொண்டனர். அந்நிலையம் அதன்பின் பயணிகளுக்குத் திறக்கப்படவேயில்லை. பழுதுற்ற விமானமொன்று ஓடுபாதையருகே அப்படியே நிற்கின்றது.

1974இன் பின் படையின் பணி முற்றாக மாறிற்று. தீவெங்கும் கலந்து வாழ்ந்த இரு சமூகங்களுக்கிடையே நின்ற படை, இரு இராணுவங்களுக்கிடையே ஒரு கோட்டில் நிற்கலாயிற்று. ஆனால் அதன் அடிப்படை ஆணையான 186ஆம் தீர்மானம் திருத்தி எழுதப்படவில்லை. இல்லாதுபோன சைப்பிரஸுக்காக எழுதப்பட்ட ஆணையே புதிய சைப்பிரஸுக்கும் நீடிக்கப்பட்டது. அதனைத் திருத்த முற்பட்டிருந்தால் அரசாங்கம் எது என்ற வினா மீண்டும் எழுந்திருக்கும். வினாவை எழுப்பாதிருத்தற்கு நீடிப்பே வழியாயிற்று.

இடைவலயம் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 180 கிலோமீற்றர் நீளமானது. பழைய நிக்கோசியாவில் அதன் அகலம் சில மீற்றர். வேறிடங்களில் ஏழு கிலோமீற்றருக்கு மேல். தீவின் நிலப்பரப்பில் மூன்று வீதம் அதனுள் அடங்கும். போர்நிறுத்தம் பற்றி இருதரப்பும் கையொப்பமிட்ட முறையான ஒப்பந்தம் எதுவுமில்லை. ஆதலின் துப்பாக்கிகள் ஓய்ந்த நேரத்தில் எது எங்கே இருந்ததோ அதுவே நியதியெனக் கொள்ளப்பட்டது. மண்மூட்டையொன்றைச் சில அடி முன்னகர்த்தினாலும், காவலரண் ஒன்றின் சுவரை உயர்த்தினாலும் அது மீறல். ஒரு லெப்டினன்ட் சென்று பேசவேண்டும், அறிக்கை எழுதவேண்டும். பார்ப்பவருக்கு நகைப்பைத் தரும் இவ்வேலையே, எதிரெதிர் நின்ற இரு காவலாளருக்கிடையிலான ஏச்சு வெடியாக மாறாது காத்தது. 1989இல் நிக்கோசியாவின் ஒடுங்கிய தெருக்களிலிருந்த அரண்கள் சிலவற்றை இருதரப்பும் விட்டுநீங்கச் செய்தமையும் இத்தகைய பேச்சின் பயனே.

அரசியல்வாதிகள் செய்யமுடியாததை வேறு சிலர் செய்தனர். பிளவுபட்ட நிக்கோசியாவின் கழிவுநீர் நிலத்தின் சாய்வை அனுசரித்து வடக்கே ஓடியது. அதற்குக் கோடு தெரியாது. 1970களின் இறுதியில் தென் பகுதி மாநகர முதல்வர் லெல்லொஸ் டிமெற்றியாடிசும் வட பகுதித் தலைவர் முஸ்தபா அக்கின்ஜியும் கூடிப்பேசி, இரு பகுதிக்கும் பொதுவான கழிவுநீர்த் திட்டத்தை நிறைவேற்றினர். சுத்திகரிப்பு நிலையம் வடக்கில் அமைந்தது. யார் யாரை அங்கீகரிப்பது என்ற பேச்சு அங்கு எழவில்லை.

அங்கீகாரப் பேச்சு எழுந்த இடங்களிலெல்லாம் முட்டுக்கட்டையே விளைந்தது. 1977இல் மக்காரியோசும் டெங்க்டாஷும் இரு சமூகக் கூட்டாட்சி என்ற கொள்கைக்கு உடன்பட்டனர். 1983 நவெம்பர் 15ஆம் திகதி வடக்கில் தனிக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. பாதுகாப்புச் சபை 541ஆம் தீர்மானத்தால் அதனைச் செல்லுபடியற்றதென அறிவித்தது. துருக்கி தவிர்ந்த எந்நாடும் அதனை அங்கீகரிக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு நீடிப்பின்போதும் ஒரே காட்சி அரங்கேறியது. சைப்பிரஸ் அரசாங்கத்தின் சம்மதத்தைச் சுட்டித் தீர்மானம் நிறைவேறும். வடக்கில் நிற்கும் படைக்குத் தமது சம்மதம் பெறப்படவில்லையெனத் துருக்கியத் தலைமை கண்டிக்கும். படையினர் மறுநாளும் தத்தம் காவலரணுக்குச் செல்வர்.

செலவுப் பிரச்சினை 1990களில் முற்றிற்று. நன்கொடைகள் போதாமையால் கடன் ஏறக்குறைய 20 கோடி டொலராக வளர்ந்து, படையனுப்பிய நாடுகளுக்கான கொடுப்பனவு பத்தாண்டுக்கு மேல் பின்தங்கியது. சுவீடன் முன்னரே சென்றுவிட்டது, டென்மார்க்கும் சென்றது. இருபத்தொன்பது ஆண்டுகள் நின்று 28 வீரரை இழந்த கனடா 1993இல் தன் பட்டாளத்தை மீட்டுக்கொண்டது. செலவை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பங்கிடும் தீர்மானத்தை 1993 மே 11ஆம் திகதி ருஷ்யா வீட்டோ செய்தது. சோவியத் யூனியன் கலைந்தபின் அந்நாடு பயன்படுத்திய முதல் வீட்டோ அதுவே; அது பிரயோகிக்கப்பட்டது ஒரு கணக்கு விவகாரத்துக்காக. அதே மாத இறுதியில் திருத்தப்பட்ட 831ஆம் தீர்மானம் நிறைவேறியது. சைப்பிரஸ் செலவில் மூன்றிலொன்றையும் கிரேக்கம் ஆண்டுக்கு 65 இலட்சம் டொலரையும் ஏற்றன. எஞ்சியது பொது நிதியைச் சார்ந்தது. கனடியர் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தவர்களுள் ஆர்ஜென்டீனர் இருந்தனர். பதினோராண்டுகளுக்கு முன் போக்லாந்தில் பொருதிய இரு நாட்டு வீரரும் வேறொரு தீவில் ஒரே தொப்பியணிந்து காவல் நின்றனர்.

படை நிற்பதாலேயே தீர்வு வரவில்லை என்ற வாதம் இக்காலத்திற் பலமாக எழுந்தது. அமைதியின் செலவை அந்நியர் ஏற்பதால் தலைவர்கள் சோம்பியிருக்கின்றனர் என்பது அதன் சாரம். இதில் உண்மை ஓரளவு உண்டு. ஆனால் 2004 ஏப்பிரில் 24ஆம் திகதி கொஃபி அனானின் திட்டம் மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டபோது துருக்கியரில் ஏறத்தாழ 65 வீதத்தினர் அதனை ஏற்றனர். கிரேக்கரில் ஏறத்தாழ 76 வீதத்தினர் நிராகரித்தனர். அவர்கள் நிராகரித்தது நீலத்தொப்பியினரின் நிழலிற் கிடைத்த சோம்பலால் அன்று. சைப்பிரஸ் எவ்வாறாயினும் ஒரு வாரத்தில், மே 1ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிருந்தது. அச்சேர்க்கைக்கு உரிமை தந்தது 1964இல் உறுதியான அங்கீகாரமே. சமரசம் செய்தால் இழக்கவேண்டியது ஒரு தரப்புக்கும், சமரசம் செய்தாலும் பெறமுடியாதது மறுதரப்புக்கும் இருந்தன. படையை விலக்குவதால் இந்நிலை மாறியிராது. கோட்டின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்து நின்றிருப்பர், அவ்வளவே. 2017இல் சுவிற்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்ரானாவில் பேச்சு முறிந்தபோதும் தடையாயிருந்தவை துருக்கிப் படையின் இருப்பும் உத்தரவாத உடன்படிக்கையும் போன்ற 1960களின் விடயங்களே. அங்கு துருக்கியர் தரப்பில் அமர்ந்திருந்தவர், கழிவுநீர்த் திட்டத்தை நிறைவேற்றிய அதே அக்கின்ஜி.

2003 ஏப்பிரில் முதல் மக்கள் கோட்டைக் கடந்துசென்று தம் பழைய வீடுகளைப் பார்த்துவர முடிகின்றது. 2004இன் இறுதியில் படையின் உச்ச வரம்பு 860 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் வேலை குறைந்ததென்பதற்கில்லை. 2020 ஒக்ரோபரில், 1974 முதல் மூடிக்கிடந்த வரோஷா நகரின் ஒரு பகுதியை வட பகுதி நிருவாகம் திறந்தது. 2023 ஓகஸ்ட் 18ஆம் திகதி, இரு சமூகத்தினரும் இன்றும் சேர்ந்து வாழும் பைலா கிராமத்தருகே இடைவலயத்தினூடாக வீதி அமைக்க முயன்ற துருக்கிய சைப்பிரஸ் பாதுகாப்பு அலுவலர், வழிமறித்த ஐக்கிய நாடுகள் வீரரைத் தாக்கினர். மூவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அவ்வாண்டு சனவரியிலேயே தவணை ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கப்பட்டிருந்தது.

2025 சனவரி 31ஆம் திகதி பாதுகாப்புச் சபை 2771ஆம் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றி, படையின் காலத்தை மேலும் ஓராண்டு நீடித்தது. சைப்பிரஸ் அரசாங்கத்தின் சம்மதம் பற்றிய வாசகம் அதிலும் இடம்பெற்றது. தமது சம்மதம் பெறப்படவில்லையெனத் துருக்கியர் தரப்பு அம்முறையும் ஆட்சேபித்தது.